எட்டு ரூமுக்கு பதினோரு புக்கிங்

வெப்சைட் ரிப்பேர் பாக்கறவனுக்கு நல்ல சேதி சொல்ல யாரும் போன் பண்ணி நான் பாத்ததில்ல. கல்யாணம்னா பத்திரிகை வரும், புது வீடுன்னா மெசேஜ் வரும். போன் அடிச்சா மட்டும் எங்கயோ ஏதோ நின்னுபோச்சுன்னு அர்த்தம்.

நான் பகல்ல டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பில் போட்டுட்டு, சாயங்கால காலேஜ்ல கம்ப்யூட்டர் படிச்சவன். அங்க எல்லாம் ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தாங்க. கஸ்டமர்கிட்ட எப்படி பேசறதுன்றதை மட்டும் விட்டுட்டாங்க. இதே பொழப்புல இருக்கற உங்களுக்காக, போன கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி, ஒரு வெள்ளியும் சனியும் நான் பட்டதை எழுதறேன். படிக்கறப்ப உங்களுக்கும் எங்கயாவது வலிச்சா, அது நம்ம குடும்ப வியாதிதான்.

அதுவா நின்னது

திருவண்ணாமலையில செங்கம் ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல, எட்டு ரூம் வெச்சு கெஸ்ட் ஹவுஸ் நடத்தறாரு ஏழுமலை அண்ணா. போன்ல வர்ற புக்கிங்கை அவர் சம்சாரம் தனலட்சுமி அக்கா ஒரு நோட்டுல எழுதிக்குவாங்க. வெப்சைட்ல யாராவது ரூம் போட்டா அக்காவுக்கு மெயில் வரும், அதையும் நோட்டுல ஏத்திட்டு பதில் போடுவாங்க. அந்த நோட்டுதான் அங்க சட்டம்.

தீபத்துக்கு இன்னும் பன்னண்டு நாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில அண்ணா போன் பண்ணாரு. ரெண்டு வாரத்துக்கு மேலா வெப்சைட்ல இருந்து ஒரு மெயிலும் வரலையாம். ஆடி மாசத்துல வரலைன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. தீபத்துக்கு ஊர்ல மாட்டுக்கொட்டா கூட வாடகைக்குப் போற நேரத்துல சைட்ல ஒருத்தர் கூட ரூம் கேக்கலைன்னா எங்கயோ இடிக்குதுன்னு அக்காவுக்குத் தோணியிருக்கு. சைட்ல புதுசா என்ன மாத்தினீங்கன்னு கேட்டேன். அதுக்கு அண்ணா சொன்னது, நீங்க எல்லாரும் மனப்பாடமா வெச்சிருக்கறதுதான்: "நாங்க ஒண்ணுமே பண்ணல தம்பி, அதுவா நின்னுடுச்சு."

பண்ணாத வேலைங்க பதிமூணு

நேர்ல போயி சைட்டைத் திறந்தேன். உள்ள புக்கிங் லிஸ்ட்னு ஒரு பக்கம் இருக்கும், யார் யார் ரூம் போட்டிருக்காங்கன்னு அதுல தெரியும். அதைத் தொட்டா வெள்ளையா இருக்கு. சலவைக்குப் போயிட்டு வந்த வேட்டி மாதிரி, ஒரு எழுத்து இல்ல.

பிளகின் எத்தனை இருக்குன்னு பாத்தேன். பிளகின்னா, சைட்டுக்கு நாம வெளியில இருந்து சேத்துக்கற வேலையாளுங்க மாதிரி. ஒண்ணு ரூம் புக் பண்ணும், ஒண்ணு மெயில் அனுப்பும், ஒண்ணு போட்டோ காட்டும். நான் வெச்சுக் குடுத்தது ஆறு. இப்ப பத்தொம்பது இருந்துச்சு. இதுக்கு வழி ஒண்ணுதான், உங்களுக்கே தெரியும்: எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஒவ்வொண்ணா ஏத்திப் பாக்கணும். கை வெக்கப் போனேன், அண்ணா தடுத்துட்டாரு. வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலம். இருக்கறதை அணைக்கக் கூடாதாம். பேக்கப் எடுத்தா பரவாயில்லையான்னு கேட்டேன். அது பத்திரமா எடுத்து வெக்கறதுதானே, எடுன்னுட்டாரு. என் பதினோரு வருஷ தொழில்ல அவசரப்படாம முழுசா பேக்கப் எடுத்தது அன்னைக்குத்தான்.

பன்னண்டு அடிச்சதும் அணைச்சு, ஒவ்வொண்ணா ஏத்திட்டு வந்தேன். பதினாலாவதுல பக்கம் மறுபடி வெள்ளையாச்சு. அது பஞ்சாங்கம் காட்டற பிளகின். பௌர்ணமி எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியுதுன்னு முன்பக்கத்துல போடறதுக்காக அண்ணாவே தேடிப் புடிச்சு போட்டிருக்காரு. புக்கிங் பிளகின்ல ஒரு காலண்டர், இதுல ஒரு காலண்டர். ஒரே தேதிக்கு ரெண்டும் சண்டை போட்டு, புக்கிங் லிஸ்ட் பக்கம் படுத்துடுச்சு. பஞ்சாங்கத்தை எடுத்துடலாம்ணான்னு சொன்னதுக்கு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. "பௌர்ணமி எப்பன்னு சொல்லாத சைட்டுக்கு திருவண்ணாமலையில எவன் தம்பி வருவான்?"

அஞ்சும் ஆறும்

பௌர்ணமி நேரத்தை நானே அடிச்சுத் தர்றேன்னு சம்மதிக்க வெச்சு பஞ்சாங்கத்தை எடுத்ததும் லிஸ்ட் தெறந்துச்சு. தெறக்காமலே இருந்திருக்கலாம். தீபத்துக்குன்னு ஆறு பேர் வெப்சைட்ல ரூம் போட்டிருக்காங்க. ஆறு பேருக்கும் சைட் "நன்றி, உங்கள் அறை பதிவு செய்யப்பட்டது"னு காட்டியிருக்கு. இங்க ஒருத்தருக்கும் தெரியாது.

தனலட்சுமி அக்கா நோட்டை எடுத்துட்டு வந்தாங்க. வெப்சைட்ல யாரும் வரலைன்ற நம்பிக்கையில, போன்ல கேட்டவங்களுக்கு அஞ்சு ரூம் குடுத்துட்டாங்க. அஞ்சும் ஆறும் பதினொண்ணு. ரூம் எட்டு. மூணு குடும்பம் ஜாஸ்தி. அன்னைக்கு வேற எங்கயாவது அனுப்பிடலாம்னா, ஊரைத் தாண்டி இருக்கற வேங்கிக்கால் வரைக்கும் ஒரு பாய் விரிக்க இடம் கிடைக்காது. அண்ணா ஏதேதோ சமாதானம் சொன்னாரு, ஹால்ல ஸ்கிரீன் கட்டலாம், நம்ம வீட்டு ரூமைக் குடுத்துடலாம்னு. அக்கா நோட்டை மூடி வெச்சுட்டு மெதுவாத்தான் சொன்னாங்க: "கொழந்தை குட்டியோட பெட்டியத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இல்லைனு சொல்றது?"

மெயில் போன கிரிவலம்

இதுல நானும் ஒரு அசடு வழிஞ்சதை சொல்லிடறேன். பிளகின் சண்டை தீந்ததும், இனிமே மெயில் வரும் பாருங்கன்னு தைரியமா சொல்லி, ஒரு டெஸ்ட் மெயில் விட்டேன். மூணு பேரும் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தோம். டீ ஆறிப்போச்சு. மெயில் வரல.

அப்பறம்தான் மெயில்பாக்ஸ் உள்ள போயி பாத்தேன். நிரம்பி வழியுது, புதுசா ஒண்ணு நுழைய இடமில்ல. ஆயிரக்கணக்குல மெயிலு, எல்லாத்துலயும் ஒரே வாசகம்: "இன்று பௌர்ணமி. கிரிவலம் சென்றுள்ளோம். நாளை பதில் அளிக்கப்படும்." புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மாசாமாசம் மலை சுத்தறவங்க. அன்னைக்கு மெயில் பாக்க ஆள் இருக்காதுன்னு, ஐப்பசி பௌர்ணமிக்கு தானா பதில் போற மாதிரி செட் பண்ணியிருக்காங்க. நல்ல யோசனைதான். ஆனா அவங்களுக்கு ரெண்டு மெயில் அட்ரஸ், ஒண்ணு விசாரணைக்கு, ஒண்ணு புக்கிங்குக்கு. ரெண்டுலயும் செட் பண்ணிட்டாங்க. சைட்டு விசாரணை அட்ரஸ்ல இருந்து புக்கிங் அட்ரஸுக்கு ஒரு மெயில் போட்டிருக்கு. இது "கிரிவலம் போயிருக்கோம்"னு சொல்ல, அது "நாங்களும்தான்"னு சொல்ல, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பதில் போட்டே பெட்டிய ரொப்பிடுச்சு. மறுநாள் அதை நிறுத்தணும்னு ரெண்டு பேருக்கும் ஞாபகமில்ல. விஷயத்தை விளக்கினதும் ஏழுமலை அண்ணா ஸ்கிரீனை எட்டிப் பாத்தாரு. "நாங்க பதினாலு கிலோமீட்டர்ல முடிச்சுட்டோம் தம்பி. அது இன்னுமா சுத்திட்டு இருக்கு?"

நோட்டுல பேர் இல்ல

பெட்டிய காலி பண்ணேன், தானா போற பதிலை நிறுத்தினேன், மெயில் வர ஆரம்பிச்சுது. ஆனா பதினொண்ணு பதினொண்ணாவே இருந்துச்சு. சனிக்கிழமை காலையில மறுபடி போனேன். என் வேலை முடிஞ்சுபோச்சுதான், இருந்தாலும் அக்கா மூஞ்சிய நெனச்சா வீட்ல உக்கார முடியல.

ஒரு யோசனை வந்துச்சு. வெப்சைட்ல ரூம் போட்டவங்க, மெயில் வரலைன்னு சும்மாவா இருந்திருப்பாங்க? போன் பண்ணியிருப்பாங்களே. அப்ப ஒரே ஆள் ரெண்டு பக்கமும் இருக்கலாம். நோட்டைக் குடுங்க, பேரை ஒப்பிட்டுப் பாக்கலாம்னேன். நோட்டுல ஒரு பேரும் இல்ல. "பெங்களூர் தாடிக்காரர்", "வெள்ளக்காரம்மா, ஃபேன் சத்தம் ஆகாது", "டீச்சர் அம்மா, நாலு பேர், கீழ் ரூம்" - இப்படியே அஞ்சு வரி. நம்பரும் கிடையாது. பேரு எழுதலையாக்கான்னு கேட்டேன். "பேரு ஆயிரம் பேருக்கு ஒண்ணாவே இருக்கும். அடையாளந்தானே மறக்காது."

எடுக்காத போன்

நல்லவேளை, வெப்சைட் லிஸ்ட்ல நம்பர் இருந்துச்சு. அக்காவே ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. மொதல் ஆள் பெங்களூரு. ஆமாங்க, மெயில் வரலைன்னுதான் போன்லயும் ரூம் சொல்லி வெச்சேன், சைட்ல போட்டதை சொல்ல விட்டுட்டேன்னாரு. தாடி இருக்கான்னு அக்கா கேக்கப் போனாங்க, அண்ணா கையைப் புடிச்சுட்டாரு. பதினொண்ணு பத்தாச்சு. ரெண்டாவது அந்த வெள்ளக்காரம்மா. ஒம்பது. அடுத்த மூணு பேரும் போன் பண்ணாதவங்க, வெப்சைட்டை நம்பி கம்முனு டிக்கெட் போட்டு உக்காந்திருக்கறவங்க. ஒம்பது ஒம்பதாவே நின்னுச்சு.

ஆறாவது பேரு வெங்கட சுப்பையா, நெல்லூர். இவரும் புதுசா இருந்தா ஒரு குடும்பம் தெருவுல. அவர் போனை எடுக்கல. மத்தியானம் எடுக்கல, மூணு மணிக்கு எடுக்கல. அக்கா சாப்பிடல. அண்ணா வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துட்டு இருந்தாரு. நாலரைக்கு அந்த நம்பர்ல இருந்தே போன் வந்துச்சு. பேசினது ஒரு அம்மா. அவங்க வாயத் தெறந்து தெலுங்கு கலந்த தமிழ்ல "ஏமம்மா, கூப்பிட்டீங்களா"னு கேட்ட உடனே, ஏற்கெனவே போன்ல பேசின குரல்னு புரிஞ்சு, தனலட்சுமி அக்கா கண்ணை மூடிட்டு நாற்காலியில சாஞ்சாங்க. வீட்டுக்காரர் பேர்ல வெப்சைட்ல போட்டிருக்காங்க, பதில் வராததால அவங்களே போன் பண்ணியிருக்காங்க. அக்கா போனைக் கையால பொத்திக்கிட்டு எங்க பக்கம் திரும்பி, ஏதோ சொந்தக்காரங்க ஊருக்கு வந்து சேந்துட்ட மாதிரி சொன்னாங்க: "நம்ம டீச்சர் அம்மாதாங்க. கீழ் ரூம்."

எல்லாம் சரியான பிறகு

எட்டு ரூம், எட்டு குடும்பம். அக்கா தட்டுல சோறு போட்டுக்கிட்டாங்க, எனக்கும் போட்டாங்க. பௌர்ணமி நேரத்தை சாதாரண எழுத்துல சைட்டுல அடிச்சுக் குடுத்தேன், அண்ணாவுக்கும் திருப்தி. சந்தோஷமா ஒரு டெஸ்ட் மெயில் விட்டுக் காட்டினேன், அடுத்த நிமிஷம் வந்து நின்னுச்சு. அண்ணா அதை ஒரு பார்வை பாத்துட்டு மோரை ஊத்திக்கிட்டாரு. "ரூம்தான் ஃபுல்லாயிடுச்சே தம்பி, இனிமே மெயில் வந்தா என்ன, வரலைன்னா என்ன?"

நான் கைகழுவறதுக்குள்ள புது மெயில் ஒண்ணு வந்து தீபத்துக்கு ரூம் இருக்கான்னு கேட்டுச்சு, இல்லைன்னு அக்கா போட்ட பதிலும் ஒழுங்காப் போய்ச் சேந்துச்சு; அந்த இல்லையை ஒழுங்காக் கொண்டு சேக்கத்தான் ஊரெல்லாம் நம்மளக் கூப்பிடுது.