குத்திய காதுக்கு இன்னொரு விழா

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டாவது தோசை தட்டில் விழும் நேரத்தில் வாசலில் பைக் சத்தம். பாண்டி வந்திருந்தான், மனைவி ஜெயாவோடு.

பாண்டி அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டு கேட், படிக்கட்டுக் கைப்பிடி, மொட்டைமாடி ஷெட் – எல்லாம் அவன் கைவேலை. பத்து வருஷப் பழக்கம்.

“அண்ணே, சின்னவனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். பத்திரிகை எழுதிக் குடுங்க. நீங்கதான் வாராவாரம் எழுதுற ஆளாச்சே... நாலு வரி நல்லா வந்துரும்.”

பத்தி எழுதுகிறவனுக்கு இதெல்லாம் உபதொழில். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேனாவை எடுத்தேன்.

“பையனுக்கு வயசு என்ன?”

“பதினொண்ணு.”

எனக்கு இடித்தது. அந்தப் பையனை எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு காதிலும் ஓட்டை இருக்கிறது.

“ஏம்ப்பா, ஒரு வயசுலயே குலதெய்வம் கோயில்ல வச்சு மொட்டை போட்டு, காது குத்திட்டீங்களே? எனக்குக்கூடப் பொங்கல் குடுத்துவிட்டியே?”

பாண்டி அசரவே இல்லை. “அது சாமிக்குக் குத்துனதுண்ணே. இது சபைக்கு!”

மதுரைக்காரர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் செய்முறை என்று ஒன்று உண்டு. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் மொய்யாக வைக்கும் பணம். அது அன்பளிப்பு மாதிரி தெரியும். ஆனால் நோட்டில் எழுதி வைக்கப்படும். உங்கள் வீட்டில் விசேஷம் வரும்போது மேலே கொஞ்சம் சேர்த்து அது திரும்பி வர வேண்டும். விசேஷம் வரவில்லை என்றால்? வரவழைத்துக்கொள்ள வேண்டியதுதான்!

அடுத்தவர் கடனைப் பற்றிக் கேட்பது அநாகரிகம். தெரியும். ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. “இப்ப என்னப்பா அவசரம்?” என்று கேட்டுவிட்டேன்.

பாண்டி தரையைப் பார்த்தான். ஜெயாதான் சொன்னாள். “என் நகை பூராவும் அடகுல இருக்குண்ணே. பட்டறைக்கு மெஷின் வாங்க வச்சது. மூணு வருஷமா வட்டி மட்டும் கட்டிட்டு வாரோம்... அதுலயும் நாலு மாசம் நின்னு போச்சு. மாசக் கடைசிக்குள்ள கட்டலைன்னா ஏலம்னு கடைக்காரர் ஆள் விட்டுட்டாரு.”

செயின், வளையல், ஆரம். அவள் அம்மா சித்தாள் வேலை பார்த்துச் சேர்த்துப் போட்ட நகைகள். மூன்று ரசீது. மொத்தமாக மீட்க ஒரு லட்சத்து எண்பதாயிரம் வேண்டும்.

சரி, காதுகுத்து நடத்தினால் அவ்வளவு கிடைக்குமா?

பேனா ஏற்கெனவே கையில் இருந்தது. பத்திரிகையை விட்டுவிட்டுக் கணக்கில் இறங்கினேன். மண்டபம், ஐந்நூறு பேருக்குக் கறிச்சாப்பாடு, ஃப்ளெக்ஸ், மைக் செட், துணிமணி – எப்படிச் சுருக்கினாலும் இரண்டு லட்சம். அதையும் வட்டிக்குத்தான் வாங்கப் போகிறான். கல்யாணத்துக்குப் பிறகு இவர்கள் ஊரெல்லாம் மொய் செய்து, இன்னும் திரும்பி வராமல் வெளியே நிற்பது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். ஜெயா நோட்டையே பையில் கொண்டுவந்திருந்தாள்.

“எப்படியும் மூணு லட்சம் விழுகும்ணே” என்றான் பாண்டி.

விழட்டும். செலவு போக மிச்சம் ஒரு லட்சம். ஆனால் வந்த மூன்று லட்சத்தில் இவன் முன்பு கொடுத்தது போக, மீதி ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் யாருடையது? அதைப் பின்னால் திருப்பிச் செய்ய வேண்டாமா? ஆக, ஒரு லட்சம் கையில் பார்ப்பதற்காக அதைவிடப் பெரிய புதுக் கடன்! நகையும் முழுசாக வராது.

“அது அப்பப் பாத்துக்கலாம்ணே” என்றான். நம்மில் பாதிப் பேர் கடன் வாங்கும்போது சொல்கிற அதே வாக்கியம்.

ஆர்வம் தாங்காமல் நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று இருந்தது. நான்காவது பக்கத்தில் என் பெயர்! என் மகள் கல்யாணத்தில் பாண்டி வைத்த மொய், மூவாயிரத்து ஒன்று. ஆறு வருஷமாகிறது. அவன் வீட்டில் விசேஷம் ஏதும் வராததால் நானும் வசதியாக மறந்திருக்கிறேன். மனிதன் நகைக்காக அல்லாடுகிறான். நான் அவன் பணத்தை வைத்துக்கொண்டு அவனுக்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்!

உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து நீட்டினேன். பாண்டி சேரோடு பின்னால் நகர்ந்தான்.

“ஐயோ... விசேஷமில்லாம எப்படிண்ணே வாங்குறது? அசிங்கம்ணே!”

ஜெயா கையை நீட்டினாள். “குடுங்கண்ணே.”

“தாமதமாயிருச்சும்மா. மேல ஒரு ஐந்நூறு சேத்துத் தரட்டுமா?”

“வேணாம்ணே. சேத்து வாங்குனா அது எங்க கடனாயிரும். நாங்க குடுத்ததை மட்டும் குடுங்க. ஒத்த ரூவாயும் சேத்து.”

அந்த ஒத்த ரூபாயைத் தேடி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அதை வாங்கி, நோட்டில் என் பெயரை அடித்துவிட்டு ஜெயா நிமிர்ந்தாள்.

“இப்படியே எல்லார் வீட்டுக்கும் போயிக் கேட்டா என்ன?”

பாண்டிக்கு வந்ததே கோபம்! “உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊருக்குள்ள தலைகாட்ட முடியுமாடி?”

எனக்கு இதுதான் புரியவில்லை. இதே பாண்டி, விழாச் செலவுக்காக முன்பின் தெரியாத ஃபைனான்ஸ்காரரிடம் மாதம் நூற்றுக்கு நாலு வட்டிக்குக் கேட்கும்போது கூச்சப்படவில்லை. தன் சொந்தப் பணத்தைச் சொந்தக்காரனிடம் கேட்கக் கூசுகிறான். கேட்பதற்கு முன்னால் ஐந்நூறு பேருக்குக் கறிச்சோறு போட்டாக வேண்டும் என்கிறான். இது என்ன மானம்? யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தது?

“தலைகாட்ட வேணாம். நீ வண்டி மட்டும் ஓட்டு. நான் கேட்டுக்கிறேன்” என்றாள் ஜெயா. பத்திரிகை எழுதாமலே கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. என்ன ஆயிற்றோ, என்ன ஆயிற்றோ என்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பாண்டியின் பட்டறைக்கே போய்விட்டேன்.

மூன்று நாள் அலைந்திருக்கிறார்கள். சிம்மக்கல்லில் வெங்காய மண்டி வைத்திருக்கும் சொந்தக்காரர், “நல்லதாப் போச்சு தாயி. கடையை அடைச்சு, வேன் பிடிச்சு வரவேண்டிய செலவு மிச்சம்” என்று உடனே கல்லாவைத் திறந்தாராம். சிலர், “விசேஷம் வைங்க, கட்டாயம் செய்றோம்” என்று சிரித்தே அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் அவர்களும் நோட்டை எடுத்து, “உங்க கல்யாணத்துக்கு நாங்க செஞ்சது ரெண்டாயிரம் நிக்குது, கழிச்சுக்கங்க” என்றார்களாம். அதுவும் நியாயம்தானே?

சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் பாண்டியின் தாய்மாமாதான் கொதித்துவிட்டார். “மாமன்கிட்ட நோட்டைத் தூக்கிட்டு வந்துட்டீகளா? அம்புட்டுக்குப் போயிருச்சா?” வாசலோடு அனுப்பிவிட்டார். காபித்தண்ணிகூடத் தரவில்லை. ஆனால் சாயங்காலமே பாண்டியின் போனில் பத்தாயிரம் விழுந்திருக்கிறது. இன்றுவரை பேச்சு மட்டும் இல்லை. சொல்லும்போது பாண்டியின் குரல் இறங்கிவிட்டது. மாமா என்றால் அவனுக்கு உயிர்.

மொத்தம் தொண்ணூற்று நாலாயிரம் வந்தது. மண்டப அட்வான்ஸுக்கு எடுத்து வைத்திருந்த முப்பதாயிரத்தையும் சேர்த்தார்கள். செயினும் வளையலும் மீண்டுவிட்டன. ஆரம் இன்னும் உள்ளேதான். அதற்கு வட்டி பாக்கியைக் கட்டியாயிற்று, ஏலம் இல்லை. இனி மாதா மாதம் வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கட்டுவதாக ஏற்பாடு.

ஜெயா டீ கொண்டுவந்தாள். கழுத்தில் செயின்.

“வீடு வீடாப் போயிக் கேக்க கஷ்டமா இல்லையாம்மா?”

“ஏன்ணே இல்லாம? ரெண்டு எடத்துல அழுதுட்டேன். ஆனா அது மூணு நாளோட போச்சுல்ல? வட்டி கட்டுன கஷ்டம் மூணு வருஷம்ணே.”

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்த வேகத்தில் எங்கள் மொய் நோட்டைத் தேடி எடுத்தேன். நமக்கு வரவேண்டியதையும் ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவோடுதான் திறந்தேன். முதல் பெயரே என் மச்சினன். பக்கத்தில் அவனுடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள்... மூடி வைத்துவிட்டேன்.