தொட்டி மண்ணோடு வந்தது

சிகந்தராபாத் ஸ்டேஷனில் மே மாத நண்பகல். கோவை ரயில் தாமதம் என்று அறிவிக்கிறார்கள். மடியிலுள்ள பிளாஸ்டிக் டப்பாவை அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன், சூடேறிவிட்டதா என்று. உள்ளே ஈர மண்ணில் ஒரு கேடயவால் பாம்பு இருக்கிறது. இங்கே அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் படிக்கும் தங்கை, வால்பாறை வீட்டிலிருந்து ரோஜாத் தொட்டியோடு தெரியாமல் இதையும் கொண்டுவந்துவிட்டாள். ஹாஸ்டல் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிய நேரத்தில்தான் நான் அவளைப் பார்க்கப் போனேன். விஷமில்லாத பாம்பு. எங்கள் மலையின் குளிர்ந்த மண்ணை விட்டால் இதற்கு வேறு போக்கிடம் இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்த ஊர் மெட்டுகுடாவிலேயே பிறந்து வளர்ந்த, பேச்சில் உருது கலக்கும் தமிழ் அம்மா. பாம்பு என்றதும் சற்று நகர்ந்துகொள்கிறார், எழுந்து போகவில்லை.

“கைக்கு தம்பி, எதுக்கு இந்த டென்ஷன்? இங்கேயே ஒரு மரத்தடில விட்டுடு.”

“செத்துடும் ஆன்ட்டி. இதோட ஊரு அந்த மலை மட்டும்தான்.”

தன் ஐஸ் வாட்டரில் கைக்குட்டையை நனைத்து நீட்டுகிறார். அதை டப்பாவைச் சுற்றிக் கட்டுவதற்கு முன் மூடியைத் திறக்கிறேன். மண்மேல் பாம்பு அசையாமல் கிடக்கிறது. அதன் பக்கத்தில் பென்சில் பருமன்கூட இல்லாத குட்டிகள் நெளிகின்றன. இந்த வகை முட்டையிடாது, குட்டி போடும் என்று எனக்குத் தெரியும். இது சினையாக இருந்ததுதான் தெரியாது.

ஆன்ட்டி எட்டிப் பார்க்கிறார்.

“அப்ப இதுங்க நம்ம சிகந்தராபாத்துல பொறந்ததுங்க” என்று சிரிக்கிறார். உடனே சிரிப்பு நின்றுபோகிறது. “அம்மாவுக்கு உயிர் இருக்கா, பாரு.”

விரலால் தொடுகிறேன். வால் நுனி மட்டும் மெல்லச் சுருள்கிறது.

ரயிலை இன்னும் காணோம்.