இறால் புதைத்த போதகர்

முழங்காலளவு ஏரித் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்கள் நாங்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் வேலை நேரத்தில் எங்களைப் போல அடக்கமான பெண்கள் உலகத்திலேயே கிடையாது. கரையேறினால் கதை வேறு.

இதை அறியாத ஒரு போதகர் ஒருநாள் கரையில் வந்து நின்றார். கறுப்பு அங்கி, தெற்கத்திப் பேச்சு. எங்களுக்கு வேதம் சொல்லித்தரும் ஒல்லாந்தர் கோட்டைக் கோயிலின் உபதேசியார் காய்ச்சலில் படுத்திருந்த நேரம் அது.

"செதில் இல்லாத இறாலும் நண்டும் அசுத்தம். தொடுகிறவர்களுக்கு மோட்சம் இல்லை. மறுக்கிறவர்கள் வாயைத் திறந்து சொல்லலாம்" என்றார்.

இருபது பேர் இருந்தோம். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைய சோறு தண்ணீரோடு போகும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டார், பாவி.

பிடித்ததையெல்லாம் தன்னிடம் கொடுத்தால் ஜெபம் பண்ணிப் புதைத்துவிடுவாராம். அவரிடம் கொடுப்பதற்காகத் தொட்டால் மட்டும் பாவம் இல்லையாம். கூடை கூடையாகப் போனது. முதலில் கொண்டுபோனது என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் பூம்பூம் மாடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை தன் இறால் வலையை ஊர் முன்னால் கொளுத்துவதாகவும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். எங்களுக்கு இருந்தது அந்த ஒரே வலை.

"வல போச்சுன்னா சட்டியில இன்னாய்யா வேவும்?"

"விசுவாசம் இருந்தா போதும்டி."

"அத்த ஆக்கி துன்னு காட்டு, பாக்கலாம்."

வந்த ஆத்திரத்தில் நேரே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். கம்பளிக்கு வெளியே மூக்கு மட்டும் தெரிந்தது.

"அது பழைய காலத்துக் கட்டளைம்மா, நம்ம தலைல இல்ல" என்றார் நடுங்கிக்கொண்டே. "தன்கிட்ட குடுத்தா பாவம் இல்லன்னு வேதத்துல எங்க கீதுன்னு கேளு. அப்பால அந்தாளு வூட்டு அடுப்பையும் பாரு."

அடுப்பைப் பார்க்கப் போனேன். குடிசையில் போதகர் இல்லை. பின்பக்கம் மண்ணைக் கிளறிய தடமே இல்லை. வேலியோரம் இறால் தலையும் நண்டு ஓடும் குவிந்து கிடக்க, காக்கைகள் கிளறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நண்டுக் காலும் உடைக்கப்பட்டு, சுத்தமாக உறிஞ்சப்பட்டிருந்தது. அத்தனையையும் பறியில் அள்ளிக்கொண்டேன்.

ஞாயிறு அன்று வலை குவிந்து கிடந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர், கையில் கொள்ளிக்கட்டை. நான் பறிக் கயிற்றைப் பல்லில் கடித்தபடி முன்னால் போய் நின்றேன். போதகர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"மறுக்கிறவர்கள் வாயைத் திறக்கலாம்" என்றார்.

திறந்தேன்.

பறி அவர் காலடியில் விழுந்து ஓடெல்லாம் சிதறியது. "உன் குடிச வேலியாண்ட வாரினது சாமி" என்றேன். என் வீட்டுக்காரர் குனிந்து ஒரு நண்டுக் காலை எடுத்தார். அதன் துளை வழியாக ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"பொதைக்கிறேன்னியே சாமி, வயித்துலயா பொதைச்ச?"

கொள்ளியை மணலில் குத்தி அணைத்துவிட்டு, வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போதகர் வாயைத் திறக்கவே இல்லை. ஒப்புக்கொண்டார் என்று நாங்கள் இருபது பேரும் எடுத்துக்கொண்டோம்.