உண்ணாமலையின் பத்துக் குண்டுகள்

பொரி கட்டிவந்த காகிதத்தில்தான் உண்ணாமலைக்கு அன்னி ஓக்லி அறிமுகமானாள். நூறு வருசத்துக்கு முந்திய அமெரிக்காக்காரி. கைக்கண்ணாடியைப் பார்த்தபடியே முதுகுக்குப் பின்னால் இருப்பதைச் சுட்டுத் தள்ளியவளாம். துப்பாக்கியும் தொப்பியுமாக அவள் நிற்கும் படத்தை வெட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். யாரு, ஒஞ் சித்தியா என்று கேலி செய்தான் புருசன் குருமூர்த்தி.

அவனுக்குப் பலூன் சுடும் கடை. கல்லங்குறிச்சி, வாலிகண்டபுரம் என்று திருவிழாவுக்குத் திருவிழா அலையும் பிழைப்பு. பலூன் ஊதி ஊதி நொந்தது இவள் கன்னம்; துப்பாக்கி என்னவோ வருகிறவன் போகிறவன் கையில். கூட்டம் சேரும் முன், முந்தைய நாள் சுருங்கிப்போன பலூன்களை மட்டும் அவள் சுடலாம். ஒன்றுகூடத் தப்பாது.

ஒரு காலையில் அதைப் பார்த்துவிட்ட டிரில் வாத்தியார் சிங்காரவேலு, பெரம்பலூரில் பெண்களுக்குத் துப்பாக்கி சுடும் போட்டி இருக்கிறது, பேர் கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் பார்க்க, தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு தடவை கையில் துப்பாக்கியைத் தரமாட்டார்களா என்று எத்தனை வருச ஏக்கம் அது.

2003 ஆடியில் கூப்பிட்டார்கள். மூச்சை அடக்கிப் பத்துக் குண்டும் சுட்டாள். குறியட்டை வந்தபோது நடுவட்டத்தில் ஒரு கீறல் இல்லை. வலப்பக்க ஓரத்தில், சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஒரே ஓட்டை. பத்தும் அங்கேதான். மார்க் போட்டவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வருகிறவர்கள் குறி தவறட்டும் என்று குருமூர்த்தி துப்பாக்கி முனையை லேசாக வளைத்து வைத்திருப்பான். குண்டு இடப்பக்கம் ஓடும். அதற்கு ஈடாக வலப்பக்கம் தள்ளியே பிடித்துப் பழகிய கை, போட்டியில் கொடுத்த நேரான துப்பாக்கியையும் அப்படியே பிடித்துவிட்டது. பஸ்ஸில் ஊர் வரும்வரை அழுதாள்.

வீட்டில் அந்த அட்டையை அன்னி ஓக்லி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். குருமூர்த்தி ஓட்டையை வெகுநேரம் பார்த்தான். இந்தத் தடவை கேலி இல்லை.

"ஒரு துப்பாக்கியையாச்சும் நேராக்குங்க" என்றாள்.

"நேராக்குனா வர்றவன் எல்லாத்தையும் ஒடைச்சிட்டுப் போயிடுவான். அப்புறம் எப்புடிப் பொழைக்கிறது?"

"வர்றவனுக்கு இல்லீங்க. எனக்கு."

அடுத்த பங்குனியில் கல்லங்குறிச்சியில் கடை போட்டபோது, வழக்கமான மூன்று துப்பாக்கியோடு நான்காவதாக ஒன்று துணியில் சுற்றிக் கிடந்தது. அதை வேறு யார் கையிலும் அவன் கொடுக்கவில்லை.

அந்த வருசம் பெரம்பலூரில் போட்டி வைக்கவில்லை. அதற்கடுத்த வருசமும் இல்லை. வாத்தியாரை எங்கே கண்டாலும், நாலு வருசமாக, அவளுக்கு ஒரே பேச்சுதான்.

"போட்டி எப்ப சார்? இப்பல்லாம் நடுவுலயே விழுதுங்க."