ராஜா காலத்துக்குப் போன காதல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. அவர் வேலைக்குக் கிளம்பியதும் சமையல்கட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்காருவேன். கொல்லைப்புறம் ரயில் போனால் தாளின் மேல் நிலக்கரித் தூசி படியும். ஊதிவிட்டு எழுதுவேன். கிள்ளானில் அச்சான ஒரு வாரப் பத்திரிகையில் என் காதல் தொடர்கதைகள் ஓர் ஆண் பெயரில் வந்துகொண்டிருந்தன.

எல்லாம் ராஜா ராணிக் கதைகள். பாண்டிய நாட்டை நான் கண்ணால் கண்டதில்லை, பிறந்தது கடல் தாண்டி இங்கேதான். ஒருமுறை அந்தப்புரத் தோட்டத்தில் இளவரசி எங்கள் ஊர் ரம்புத்தான் பழத்தைப் பறித்துத் தின்றாள் என்று எழுதிவிட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார், ‘பாண்டியன் கடைத்தெருவில் ரம்புத்தான் என்ன விலை?’ என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டார். வீட்டுக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தெரிஞ்சதை எழுதேன். நம்ம ஜனங்களைப் பத்தி எழுது” என்றார் வீட்டுக்காரர்.

எனக்குத் தெரிந்தது குழாயடி. புதன்கிழமை காலைகளில் எங்கள் வரிசைப் பெண்கள் அங்கே துணி துவைக்க, நான் பத்திரிகையை உரக்கப் படிப்பேன். எழுதியவளும் நானே என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வீட்டில், தன் அண்ணன் குடும்பத்தோடு ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அக்கா என்றே கூப்பிடுவேன். இருபது வயதில் தாலி அறுத்தவள். சிக்னல் விளக்கேற்றும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். அண்ணனுக்குத் தெரியாது. என்னிடம் மட்டும் வெட்கத்தோடு சொன்னாள்.

அதைத்தான் எழுதினேன். பிரிக்ஃபீல்ட்ஸை, பக்கத்து ஊரான சாலாக் செலாத்தான் ஆக்கினேன். ஆனால் சாயங்காலம் அவர் ஏணியில் ஏறி விளக்கேற்றும்போது, அவள் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுப்பதும் மறுபடி போடுவதுமாக நிற்பதை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. அப்படியொரு காட்சி அதற்குமுன் எனக்கு வாய்த்ததே இல்லை.

முதல் அத்தியாயத்தைப் படித்த அன்று பெண்கள் சோப்புக் கையோடு நின்று கேட்டார்கள். “நம்ம பக்கத்துக் கதை மாதிரியே இருக்கு லா!” என்றாள் ஒருத்தி. கொடி வந்த இடத்தில் அக்கா எழுந்தாள். பாதி அலசிய புடவையை ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் அவள் வீட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன். நீதான் எழுதுறியா?”

“ஆமாக்கா.”

“எங்க அண்ணனுக்குப் படிக்கத் தெரியும்.” முறம் நின்றது. “ராஜா காலத்துல கொண்டுபோய் வச்சிருந்தா நானும் உக்காந்து கேட்டு அழுதிருப்பேன். என்னை எதுக்கு இந்தக் கொடியிலயே வச்சே?”

“நிறுத்திடுறேன்க்கா” என்றேன்.

மறுநாளே வீட்டுக்காரரோடு கிள்ளானுக்கு ரயிலேறினேன். ஆசிரியர், அச்சுக் கோத்திருந்த இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டினார்.

“ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கும்மா. நிறுத்தாதீங்க.”

“வேற தரேங்க ஐயா.”

“மறுபடி அரண்மனையா?” என்று பெருமூச்சு விட்டார்.

திரும்பும் ரயிலிலேயே எழுதத் தொடங்கினேன். சிக்னல்காரர் கோட்டை வாசலில் பந்தம் ஏற்றும் காவலன் ஆனார். அக்கா, கோயிலுக்குப் பூத்தொடுக்கும் பெண். கொடியை அடித்துவிட்டேன். பழ மரம் எதையும் நடவில்லை.

மூன்று புதன் அக்கா குழாயடிப் பக்கம் வரவில்லை. நாலாவது புதன் வாளியோடு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். மற்றவர்கள் போனபிறகும் இருந்தாள்.

“அந்தக் காவலனும் அவளும் சேருவாங்களா?”

“நீங்களே சொல்லுங்கக்கா.”

அலசிய துணியைப் பிழிந்து வைத்தாள். “சேரட்டும். ஆனா ஓடிப்போக வேணாம். அவ அண்ணன்கிட்ட நேரா நின்னு கேக்கட்டும்.”

அப்படியே எழுதினேன். அது அச்சாகி வருவதற்குள் அவளும் தன் அண்ணனிடம் கேட்டுவிட்டாள். அவர் பல மாதம் முகம் கொடுக்கவில்லை. கோயிலில் அவளும் சிக்னல்காரரும் மாலை மாற்றியபோதும் வரவில்லை. நானும் என் வீட்டுக்காரரும்தான் பக்கத்தில் நின்றோம். பிறகு அவள் புருஷனுக்குக் கிள்ளானுக்கு மாற்றலாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனோம். மீன்குழம்பு வைத்திருந்தாள்.

“இப்ப வேணும்னா எங்களைப் பத்தி எழுதிக்கோ. பேரு மட்டும் நல்லதா வை” என்று சொல்லிச் சிரித்தாள்.

முன்வாசலில் ஆண்கள் இருவரும் ரயில் நேரம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டேன்.