ராகு காலத்தில் இறங்காத நாரைகள்

நாரைத் திருவிழாவின் அழைப்பிதழில் பதினேழு பேருடைய பெயர்கள் அச்சாகியிருந்தன. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று ஆளுக்கொரு வேலை. மைக்செட் போடுகிறவர் பெயர்கூட இருந்தது. பாஞ்சாலியின் பெயர் இல்லை. நாரைகளுக்கும் பெரிய மரியாதை கிடைத்துவிடவில்லை. அட்டையில் இருந்தது ஜவ்வாது மலைப் பக்கம் தலைகாட்டியே இராத ஏதோ ஒரு இளஞ்சிவப்புப் பறவை.

பாஞ்சாலிக்கு நாற்பத்தாறு வயது. ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டே பேருந்து போகும் தாழங்கொல்லைதான் ஊர். எட்டாவதுவரை விடுதியில் தங்கிப் படித்தார். பிறகு திருப்பூரில் மூன்று வருடம் பனியன் தைத்தார். அங்கே ஒருமுறை, மேற்பார்வையாளர் வாயால் சொன்ன சொல்லை நம்பி நாலு நாள் விடுப்பில் ஊருக்கு வந்தார். திரும்பிப் போனபோது, "யாரு உன்னைப் போகச் சொன்னது?" என்று அதே ஆள் கேட்டு வேலையை விட்டு அனுப்பினான். அன்றிலிருந்து பாஞ்சாலிக்கு ஒரு கொள்கை. எதுவானாலும் எழுத்தில் வேண்டும். தேதியும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். கருப்பனைக் கட்டிக்கொண்டபோதுகூட, கள் குடிக்க மாட்டேன் என்று நோட்டுத்தாளில் எழுதி வாங்கியதாக ஊரில் சொல்வார்கள். கேட்டால் மறுக்க மாட்டார். "முத்திரைக்கு எங்க போறது? கட்டைவிரல்தான்" என்பார்.

கருப்பன் வருடத்தில் ஆறு மாதம் கேரளாவில் மிளகு பறிக்கப் போய்விடுவார். ஏரிக்கரைக்கு மேலே சரிவில் இருக்கும் இரண்டு ஏக்கர் கொல்லையை உழுவதும் விதைப்பதும் அறுப்பதும் பாஞ்சாலிதான். நாலு தலைமுறையாகச் சாமை விளையும் கொல்லை அது. ஆனால் காகிதத்தில் அந்தக் கொல்லை இவர்களுடையது இல்லை. வனத்தில் வாழும் குடிகளுக்கு உழும் நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று சட்டம் வந்து பல வருடமாகிவிட்டது. பாஞ்சாலி மனு கொடுத்தார். நினைவூட்டு மனு கொடுத்தார். நினைவூட்டியதை நினைவூட்டியும் கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் அந்தப் பறவைகள் வந்தன. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, கண்ணுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளை இறகு. தாழங்கொல்லைப் பெண்கள் அதைத் தோடு என்றார்கள். தோட்டு நாரை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வடக்கே பனிமலைகளைத் தாண்டி வரும் பறவை என்றும், இவ்வளவு தெற்கே வருவது அதிசயம் என்றும் படித்தவர்கள் வந்து சொன்னார்கள். ஏரியைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அருணகிரி என்பவர் அதற்குப் பொறுப்பாளராக வந்தார்.

அருணகிரி கெட்டவர் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் பல் துலக்க மாட்டார், அவ்வளவுதான். ஆனால் வந்த இரண்டாம் மாதமே ஓர் அறிக்கை எழுதினார். 'ஏரியை ஒட்டிய கொல்லையில் நடைபெறும் விவசாயம் நாரைகளுக்கு இடையூறாக உள்ளது. நில உரிமை மனுவை நிராகரிக்கலாம்.' இந்த வருடம் சாமையை அறுத்து முடித்ததும், கொல்லையில் மாடு கட்டிப் போரடிக்கக் கூடாது என்று பலகையும் நட்டார். ஏரியின் மறுகரையில் நான்கு தங்கும் விடுதிகள் இருக்கின்றன. சனிக்கிழமையானால் அங்கே பாட்டுச் சத்தத்தில் தண்ணீரே நடுங்கும். அங்கே பலகை ஏதும் நடப்படவில்லை. இரண்டு மாடும் ஒரு பெண்ணும்தான் பறவைக்கு இடைஞ்சல்!

பாஞ்சாலி வாதாடவில்லை. கதிரையெல்லாம் கட்டித் தலையில் சுமந்து வூட்டுப் பக்கம் போர் போட்டார். கொல்லையில் ஒரு மணி சாமைகூட மிச்சமில்லாமல் கூட்டினார். அதில் கொஞ்சம் வன்மம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

நாரைகள் வந்தன. போரடிக்கையில் வழக்கமாகச் சிந்தும் சாமையைத் தேடிக் கொல்லையை இரண்டு நாள் சுற்றிப் பார்த்தன. மூன்றாம் நாள் மலையிறங்கி, சந்தவாசல் பக்கத்து நிலக்கடலைக் காடுகளுக்குப் போய்விட்டன.

திருவிழாவுக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது.

அருணகிரி பாஞ்சாலியின் வூட்டுக்கு நடந்தே வந்தார்.

"இன்னாம்மா பாஞ்சாலி, சௌக்கியமா?"

"இருக்கேன் சார். நாரை எப்பிடிக் கீது?"

அருணகிரி தொண்டையைச் செருமினார். "அதான்... நீ போரடிக்கலையா இன்னும்?"

"எப்பிடி சார் அடிக்கிறது? பலகை போட்டிருக்கீங்களே."

"அது ஒரு பொதுவான பலகைம்மா. நீ கொல்லையிலேயே அடிச்சுக்கோ. கொஞ்சம் சிந்தினாலும் பரவாயில்ல."

"சிந்தணும்னு சொல்றீங்களா, சிந்தினா பரவாயில்லன்னு சொல்றீங்களா?"

"சிந்தணும்."

"எழுதிக் குடுங்க சார்."

"இன்னாத்த எழுதறது?"

"பாஞ்சாலி கொல்லையில சாமை சிந்தினாத்தான் நாரை வரும்னு. தேதி போடுங்க. முத்திரையும் வேணும்."

அருணகிரி கொஞ்ச நேரம் போரைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு காக்கை போயிற்று. பாக்கெட்டிலிருந்து சின்ன பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்து, "இப்ப எமகண்டம். மூணு மணிக்கு மேல ஆபீசுக்கு வா" என்றார். மூன்று மணிக்கு மேல் எழுதியும் கொடுத்தார். ஒரு மலைக்காரி அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று நினைத்திருக்கலாம்.

மறுநாளே கொல்லையில் மாடு சுற்றியது. பாஞ்சாலி தாராளமாகவே சிந்தினார். ஐந்தாம் நாள் காலை, கீழேயிருந்து கரகரவென்று குரல் கேட்டது. நாற்பத்தொரு நாரைகள் வரிசையாக மலையேறி வந்து கொல்லையில் இறங்கின. விடிந்ததும் மேய்வது, எட்டு மணிக்கெல்லாம் வயிறு நிறைந்து ஏரி நடுத்திட்டுக்குப் போய் நிற்பது என்று அவற்றின் வழக்கம் திரும்பிவிட்டது.

இப்போது வேறொரு சிக்கல். திருவிழா சனிக்கிழமை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம். ஆகவே திறப்பு பத்தே முக்காலுக்கு. தலைமை விருந்தினர் புவனா என்கிற அதிகாரி. நில உரிமை மனுக்களை முடிவு செய்யும் குழுவுக்கு அவர்தான் தலைவர். அருணகிரியின் அறிக்கையும் பாஞ்சாலியின் மனுவும் அவருடைய மேஜையில்தான் கிடந்தன. நாரைகள் கொல்லையில் மேய்வதை அவர் கண்ணால் பார்த்தால் கொல்லை பிழைக்கும். எட்டு மணிக்கே மேய்ச்சல் முடிந்துவிட்டால், வெறும் கொல்லையைத்தான் பார்ப்பார், அறிக்கை ஜெயித்துவிடும்.

"ஆறு மணிக்கே தொறந்தா இன்னா சார்?" என்று பாஞ்சாலி கேட்டுப் பார்த்தார்.

"ஜோசியர் குறிச்ச நேரம்மா அது. நாரைங்களுக்காக யாகம்கூட இருக்கு."

"நாரைங்க ஜாதகம் குடுத்துச்சா?"

அருணகிரி பஞ்சாங்கத்தை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை விடியுமுன்பே பாஞ்சாலி கொல்லையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். வேறொன்றும் செய்யவில்லை. ஒரு போர்வை, ஒரு தூக்குவாளியில் கஞ்சி. மனிதவாடை இருக்கும் இடத்தில் அந்தப் பறவைகள் இறங்கா. நாரைகள் வந்தன, வட்டமிட்டன, பாஞ்சாலியைப் பார்த்தன, கோபமாகக் கத்தின, ஏரிக்குப் போய்ப் பட்டினியாக நின்றன. அரை மணிக்கொருதரம் வந்து பார்த்துவிட்டுப் போயின.

பந்தலும் மைக்செட்டும் போட வாணியம்பாடியிலிருந்து வந்திருந்த ஜப்பார், வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, தர்ணாவா?"

"இல்ல பாய். நாரைக்கு ராகு காலம் நடத்திக்கினு இருக்கேன்."

"எத்தினி மணி வரைக்கும்?"

"பத்தே முக்கால். உங்க மைக்க மட்டும் அந்த நேரத்துக்குக் கொஞ்சம் அணைச்சு வையுங்க."

"யாகத்துக்குப் பாட்டு போடச் சொல்லியிருக்காரேக்கா."

"கரண்டு போய்டுச்சுன்னு சொல்லுங்க."

ஜப்பார் சிரித்துக்கொண்டே போனார்.

பத்தே முக்காலுக்கு யாகம் முடிந்தது. பாட்டு நின்றது, ஒயரில் ஏதோ கோளாறு என்றார் ஜப்பார். புவனா நாடாவை வெட்டினார். அதே நேரம் பாஞ்சாலி எழுந்து, போர்வையை உதறி, வேலி தாண்டி வெளியே வந்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஏரித்திட்டிலிருந்து நாற்பத்தொரு நாரைகளும் எழுந்து, விருந்தினர் தலைக்கு மேலே பறந்து, கொல்லையில் இறங்கின. பட்டினி கிடந்த பசி. தலை நிமிராமல் கொத்தின.

பந்தலே எழுந்து நின்றது. ஜோசியர் இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார். அருணகிரியின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா மேடம்? யாகம் முடிஞ்ச நிமிஷம்! நல்ல நேரத்துல கரெக்டா எறங்குது!"

இவ்வளவு தூரம் பாஞ்சாலியின் கணக்கில் இல்லை. விடியற்காலையிலிருந்து பனியில் உட்கார்ந்தது அவர், பெயர் யாகத்துக்கா? நம் நாட்டில் உழைத்தவர் எழுந்து வேர்வை துடைப்பதற்குள் பலனைச் சாமி கணக்கில் எழுதிவிடுவார்கள். பாஞ்சாலி நேராகப் புவனாவிடம் போனார்.

"மேடம், அஞ்சு நிமிஷம் இங்கயே நில்லுங்க. நான் உள்ள போறேன்."

போனார். நாரைகள் கூச்சலிட்டு எழுந்து ஏரிக்குப் போயின. கொல்லை நடுவில் உட்கார்ந்தார். வானத்தில் ஒன்றுமில்லை.

"மணி இன்னா சார்?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"பத்து அம்பத்தஞ்சு" என்றார் அருணகிரி, வேறு வழியில்லாமல்.

"நல்ல நேரம்தான?"

"நல்ல நேரம்தான்."

"நாரை எங்க?"

பாஞ்சாலி எழுந்து வெளியே வந்தார். நாரைகள் இறங்கின. மறுபடி உள்ளே போனார், எழுந்தன. வெளியே வந்தார், இறங்கின. இரண்டாம் முறை பள்ளிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஜோசியர் ஏரியின் அழகைப் பார்க்கப் போய்விட்டார். ஜப்பாரின் ஒயர் அந்த நேரத்தில் எப்படியோ சரியாகி, அவர் சிரிப்பு மைக்கில் கேட்டது.

புவனாவும் சிரித்தார். ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நீங்க போனா அது எழும்புதே, அப்ப நீங்க இடைஞ்சல்னு அறிக்கையில எழுதினது சரிதானே?"

அருணகிரி நிமிர்ந்தார். பாஞ்சாலி புடவை முந்தானையில் முடிந்திருந்த தாளை நிதானமாக அவிழ்த்தார்.

"நான் எழுந்து வந்தா அது எறங்குதே மேடம், எதுக்கு எறங்குது? ஏரியில மீனும் கீது, தண்ணியும் கீது. எங்க சாமைக்குத்தான் எறங்குது. இது நான் சொல்றது இல்ல. சார் சொல்றது. தேதி கீது, முத்திரையும் கீது."

புவனா தாளைப் படித்தார். கைப்பையிலிருந்த கோப்பில் அறிக்கையைத் தேடி எடுத்து அதையும் படித்தார். ஒரே கையெழுத்து. ஒரே முத்திரை.

"அருணகிரி, இதுல எது உங்க கருத்து?"

"ரெண்டும்... வேற வேற சூழ்நிலைல மேடம்."

"இப்ப எந்தச் சூழ்நிலை?"

அருணகிரி கொல்லையைப் பார்த்தார். நாற்பத்தொரு பறவைகளும் அவருக்கு முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தன.

"இப்ப சாமை சூழ்நிலைங்க மேடம்" என்றார்.

புவனா பழைய அறிக்கையின் குறுக்கே ஒரு கோடு போட்டு அருணகிரியிடமே நீட்டினார். அதன் கீழே அருணகிரி கையெழுத்திட்டார். அன்று நடந்ததிலேயே பஞ்சாங்கம் பார்க்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கொல்லையை அளக்கச் சங்கிலியோடு ஆட்கள் வந்தார்கள். கூடவே அருணகிரியும் வந்தார். வேலியருகே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்துத் தயங்கினார்.

"மூணு மணி ஆயிடுச்சேம்மா. ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு. நாலரைக்கு மேல அளக்கலாங்களா?"

அவர் வாயிலிருந்து பாஞ்சாலிக்குக் கிடைத்த முதல் 'ங்க' அது. பாஞ்சாலி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் நாலரை மணிவரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. சட்டம் வந்து பத்தொன்பது வருடம் காத்திருந்தாயிற்று. சங்கிலியின் ஒரு முனையைத் தானே எடுத்துக்கொண்டு எல்லைக் கல்லை நோக்கி நடந்தார்.

"நீங்க அளங்க சார். ராகுவை நான் வெளிய உக்கார வச்சிருக்கேன்."