கலங்கல் இல்லாத ஏரி

காலை 6.40. உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறுவதற்கு முன் பையை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். என் மகள் ஹர்ஷினியின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, அவள் அப்பா அனுப்பிய ஒப்புதல் கடிதம், தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், வழியில் வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாம் இருந்தன. இருந்தும் எதையோ வீட்டில் விட்டுவிட்டேன் என்ற எண்ணம் திருப்புலிவனம் தாண்டும்வரை போகவில்லை.

முப்பது கிலோமீட்டர் பயணத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் போனது ஹர்ஷினிக்கு பாஸ்போர்ட் எடுக்க. ஏழு வயது முடிந்திருக்கிறது. அவள் அப்பா கஜகஸ்தான் நாட்டில் அக்தாவ் என்ற ஊரில் வெல்டராக இருக்கிறார். இங்கிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் கடிகாரத்தில் நமக்கும் அவருக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. என் பாஸ்போர்ட் வந்து பீரோவில் இருக்கிறது. குளிர் தாங்குவாளா, பாஷை தெரியாத பள்ளியில் பசித்தால் எப்படிச் சொல்வாள் என்றெல்லாம் நான் யோசித்துக்கொண்டே இருந்ததில் மாதங்கள் ஓடிவிட்டன.

அந்த ஊர்மேல் அவளுக்கு ஆசை வரட்டும் என்று புத்தகத்திலும் போனிலும் படித்ததைத் தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லிவந்தேன். அக்தாவ் காஸ்பியன் கரையில் இருக்கிறது. பெயரில்தான் கடல், நான்கு பக்கமும் நிலம் சூழ்ந்த ஏரி. உலகத்திலேயே பெரியது. கிட்டத்தட்ட மூன்று தமிழ்நாட்டை அதற்குள் வைத்துவிடலாம். அதன் நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட இருபத்தெட்டு மீட்டர் தாழ்வு. தண்ணீர் உப்புக் கரிப்பதால், அவ்வளவு பெரிய ஏரிக்கரையில் இருந்துகொண்டு அக்தாவ் மக்கள் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். கடைசியாக, நூற்று முப்பது ஆறுகள் அதில் வந்து விழுகின்றன, ஓர் ஆறுகூட அதிலிருந்து வெளியே போவதில்லை என்று சொன்னேன். சோற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஏரி என்றால் கரை இருக்கும், வயலுக்குத் தண்ணீர் விட மதகு இருக்கும், நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்தோட ஓரிடத்தில் கலங்கல் இருக்கும். போன கார்த்திகை மழையில் ஊர் ஆண்கள் முறைவைத்துக் கரையைக் காவல் காத்தார்கள். கலங்கல் பாய்ந்த அன்று எல்லோருமாகப் போய் மஞ்சளும் பூவும் தூவிக் கற்பூரம் ஏற்றினோம். ஹர்ஷினி என் இடுப்பில் இருந்தாள். கலங்கல் வழியே தண்ணீர் போனால் கரைக்கு ஆபத்தில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை மனதில் வைத்திருக்கிறாள்.

"கலங்கல் இல்லன்னா கரை ஒடஞ்சிடும். அப்பா கரை மேலதான கீறாரு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒரே பேச்சுதான். போட்டோவுக்கு உட்கார மாட்டாள், அப்பாதான் இங்கே வரவேண்டும்.

7.05. திருப்புலிவனத்தில் கீரைக்கட்டுக் கூடையோடு ஏறிய ஓர் அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹர்ஷினியின் புதுக் கவுனைப் பார்த்துவிட்டு எங்கே பயணம் என்று விசாரித்தார். அப்பா என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஏரில வேலை செய்றாரு" என்றாள் இவள்.

"நூறு நாள் வேலையா? எங்க ஊர்ல இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"இல்ல. காஸ்பியன் ஏரி."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுருக்கமாகச் சொன்னேன். அதற்குள் ஹர்ஷினி முந்திக்கொண்டு அதற்குக் கலங்கல் கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். அவர் சமாதானமாக ஏதாவது சொல்லுவார் என்று நம்பினேன்.

"கலங்கலே இல்லியா? எந்த மகராசன்மா கட்னான் அந்த ஏரிய?"

யாரும் கட்டவில்லை, தானாக உண்டானது என்றேன்.

"அதான பாத்தேன். மேஸ்திரி இல்லாம பண்ண வேலை அப்டித்தான் இருக்கும். உன் வூட்டுக்காரர நல்ல மேடா பாத்து வூடு எடுக்கச் சொல்லும்மா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய மனுஷி தன் கட்சியில் சேர்ந்துவிட்டதால் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மாகறலில் செய்யாற்றைக் கடந்தோம். நடுவில் மெலிதாகத் தண்ணீர் ஓடியது. ஓரிக்கை அருகே பாலாற்றுப் பாலம் வந்தபோது இருபுறமும் மணல்தான். நாணல் புதர்களுக்கு நடுவே அங்கங்கே குட்டையாகத் தண்ணீர் நின்றது. இதைவிட நல்ல பாடம் கிடைக்காது என்று தோன்றியது. இவ்வளவு பெரிய ஆற்றுத் தண்ணீர் எங்கே போயிற்று பார், வெயில் உறிஞ்சிவிட்டது, காஸ்பியனிலும் அதேதான் என்று விளக்கினேன். உப்பு மட்டும் தங்கிவிடுகிறது, அதனால்தான் கரிக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஹர்ஷினி மணலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "நம்ம ஏரியும் வெயில்லதான கீது? மழை வந்தா அப்பவும் கலங்கல் பாயுதே?" என்றாள்.

அங்கே மழை மிகக் குறைவு என்று சொல்லியிருக்கலாம். பஸ் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால், இன்னும் அழுத்திச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை. இவள் பிடிவாதமாக மறுத்தால், குழந்தை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவள் அப்பாவிடம் சொல்ல எனக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

8.10. பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடைப் பெஞ்சில் இட்லியைப் பிரித்தோம். எனக்கு டீ, அவளுக்குப் பால், இருபத்தெட்டு ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பாஸ்போர்ட் மையத்துக்குப் போனோம். எங்களுக்குக் கொடுத்த நேரம் 9.45. ஒன்பதுக்கே போய்விட்டோம். கூடத்தில் மலேசியாவுக்குப் போகிற பையன்களும் மெக்காவுக்கு உம்ரா போகும் ஒரு துணிக்கடைக் குடும்பமும் காத்திருந்தார்கள். தாள்களை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எல்லோரும் என்னைப் போலவே திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சும்மா இருக்கையில் போனில் காஸ்பியன் வரைபடத்தைத் திறந்தேன். கிழக்குக் கரையில், அக்தாவுக்குத் தெற்கே, பை போல ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கண்ணில் படவில்லை. காரா-போகாஸ்-கோல் என்று பெயர். துருக்மேனிஸ்தான் நாட்டில் இருக்கிறது. காஸ்பியன் தண்ணீர் ஒரு குறுகிய வாய் வழியாக அதற்குள் பாய்கிறது. பாய்ந்தது திரும்பி வருவதில்லை. பாலைவன வெயில் அதைக் காயவைத்து உப்பை விட்டுவிடுகிறது.

போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். காட்டாமலே இருந்துவிட்டால்? கூப்பிடும்போது இவள் அழுவாள், நாங்கள் எழுந்து வந்துவிடலாம், அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விடலாம். எதிர் நாற்காலியில் உம்ராக் குடும்பத்துக் குழந்தை தன் அப்பாவின் சட்டைப் பாக்கெட்டில் விரலைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. ஹர்ஷினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைத் திருப்பி அவளிடம் காட்டினேன்.

அந்த வாயின்மேல் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தாள். இது மனிதர் கட்டியதல்ல, நம் ஊர்க் கலங்கல் மாதிரியே என்று சொல்லமுடியாது என்று நான் ஜாக்கிரதையாகத் தொடங்கினேன். அவள் காதில் வாங்கவில்லை. ஒருகாலத்தில் ஏரி வற்றுகிறதே என்று பயந்து அந்த வாயை அணைபோட்டு அடைத்தார்கள், பை காய்ந்து உப்புப் புழுதி பறந்தது, பிறகு திறந்துவிட்டார்கள் என்று படித்துக் காட்டியபோதுதான் நிமிர்ந்தாள்.

"நம்ம கலங்கல்ல மூட்டை அடுக்கினாங்களே, அதுமாறியா?"

எங்கள் ஊரில் தண்ணீரைத் தேக்க ஆசைப்பட்டுச் சிலர் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்குவார்கள். தண்ணீர் ஏறி மேல்வயல்காரர்களின் பயிர் மூழ்கும். பெரிய சண்டை வரும், பிறகு மூட்டைகளை எடுத்துவிடுவார்கள். ஆமாம், அதுமாதிரிதான் என்றேன்.

"அப்ப சரி" என்றாள். மனிதர்கள் மூட்டை அடுக்கிச் சண்டை போடுகிற ஏரி என்று தெரிந்ததும் அவளுக்கு அது ஏரியாகிவிட்டது.

10.20க்கு எங்கள் எண் வந்தது. பெயரைக் கேட்டார்கள், உரக்கச் சொன்னாள். சிரிக்காமல் கேமராவைப் பார் என்றதும், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் வந்த முகம் அவள் அப்பாவின் முகம்போலவே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். மாகறல் அருகே கண்ணைத் திறக்காமலே, மழைக்காலத்தில் அந்த வாய்க்குப் பக்கத்தில் யார் காவல் இருப்பார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"அப்பாவ பாத்துக்கச் சொல்லு. நாம போற வரைக்கும்."

பிறகு நிஜமாகவே தூங்கிப்போனாள். அங்கே பனியில் உறையும் மாதங்களை நினைத்தேன். இங்கே அனலடிக்கும் பகல் காற்றில் அவள் நெற்றி வியர்த்திருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். அவருக்கு என்ன எழுதுவது என்று போனில் இரண்டுமுறை அடித்து அழித்தேன். கடைசியில், அங்கே பள்ளிக்கூடம் எந்த மாதம் திறக்கும் என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.